கைதட்டலுக்கு என்ன விலை?

போன ஆடி மாதம் ஒரு நாள் சாயங்காலம் என் தம்பி பேரன் வீட்டுக்கு வந்தான். கையில் பதினோரு பக்கத் தாள். எல்லாம் இங்கிலீஷ்.

"தாத்தா, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லணும். கையெழுத்துப் போடலாமா கூடாதான்னு."

அவனுக்கு இருபத்து மூன்று வயது. பாலிடெக்னிக் படித்தவன். நன்றாக உடுக்கை அடிப்பான். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கம்ப்யூட்டரிலேயே மற்ற வாத்தியங்களைச் சேர்த்து, யூடியூபில் போடுவான். பனையேறிகளைப் பற்றி அவன் கட்டிய ஒரு பாட்டை நானே மூன்று தடவை கேட்டேன். நம் தேரிக்காட்டுச் செம்மண்ணும் பதநீர் வாடையும் அதில் இருந்தன. ஆனால் நான்கு மாதத்தில் அதைக் கேட்டவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர்தான். அந்த ஏக்கத்தில் இருந்தவனுக்கு ஒரு கம்பெனியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. பாட்டைப் பிரபலப்படுத்தித் தருகிறார்களாம். 6,000 ரூபாய் கொடுத்தால் ஐம்பதாயிரம் பார்வை. 18,000 என்றால் இரண்டு லட்சம் பார்வையும் ஆயிரம் சந்தாதாரரும். 45,000 கொடுத்தால் பத்து லட்சம் பார்வை, அதோடு பெரிய பெரிய பாட்டு வரிசைகளில் இடம்.

"எதுல இது போடப் போற?"

"நாப்பத்தஞ்சு."

"துட்டு?"

தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா சங்கிலி இருக்கு தாத்தா. அடகு வச்சாப் பொறவு திருப்பிரலாம்."

அது அவள் கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு பவுன் சங்கிலி. அந்த வீட்டில் தங்கம் என்று இருப்பதே அதுதான். "ரெண்டு நாள் பொறு" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான் முப்பத்து மூன்று வருஷம் கோப்பு பார்த்தவன். ஆபீசுக்கு ஒரு நாற்காலி வாங்குவதாக இருந்தாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போடாமல் மேலே அனுப்பியதில்லை. இதற்கும் அப்படி ஒன்று போடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் பட்டியலில் எந்தப் பொருளுக்கு விலை எழுதுவது? அவர்கள் விற்பது பாட்டை அல்ல, கேட்பவர்களை. அந்த இடத்தில்தான் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது.

இந்தப் பக்கத்தைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், என் அப்பா புதுச்சேரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அதனால் எனக்குப் பள்ளிப் படிப்பு பிரெஞ்சில். பிறகு தமிழில் தனித்தேர்வு எழுதி நெல்லை மாவட்டத்தில் எழுத்தர் வேலைக்கு வந்தேன். அந்தப் பள்ளியில் எங்களுக்கு நாடகப் பாடம் எடுத்த முசியே ஒருநாள் பாரிஸ் நாடகக் கொட்டகைகளைப் பற்றிச் சொன்னார். அங்கே கைதட்டுவதற்குக் கூலிக்கு ஆள் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'க்ளாக்' என்று பெயர். 1820இல் இதற்கென்றே பாரிஸில் ஒரு ஏஜென்சி இருந்தது. கொட்டகை முதலாளி 'இன்றைக்கு இத்தனை பேர் வேண்டும்' என்று சொல்லிவிட்டால் போதும், ஆட்கள் வந்துவிடுவார்கள்.

அதிலும் தினுசு தினுசாக வேலைப் பிரிவினை உண்டு. சிரிப்பு வரும் இடத்தில் சத்தமாகச் சிரிக்க ஒரு கூட்டம். சோகக் காட்சியில் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பெண்கள். பாட்டு முடிந்ததும் 'இன்னொரு தடவை' என்று கத்துவதற்குத் தனி ஆள். நாடகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் 'இந்த இடத்தைக் கவனியுங்கள், பிரமாதம்' என்று சொல்வதற்கு இன்னொருவர். பெரிய சரவிளக்குக்கு அடியில் உட்காருவார்கள் என்பதால் 'சரவிளக்கு வீரர்கள்' என்று ஊரார் கேலி பேசினார்கள். 1830களில் பாரிஸ் ஆப்பராவில் ஒகுஸ்த் லெவாஸர் என்பவர் இந்தக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தார். ஒத்திகைக்கே வந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் எவ்வளவு தட்ட வேண்டும் என்று குறித்துக்கொள்வார்.

'அந்தக் காலத்து ரோமாபுரியில் நீரோ மன்னன் பாடும்போதும் ஆயிரக்கணக்கில் ஆள் வைத்துத் தட்டினார்கள்' என்று முசியே சொன்னதும் வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். எழுந்து கேட்டேன்: "முசியே, கூலிக்குக் கைதட்டியவர்கள் அடுத்த நாள் தங்கள் காசில் டிக்கெட் வாங்கி வந்தார்களா?" அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போது யோசித்தால், ஊர்க் கொடைதான் காரணமாக இருக்க வேண்டும்.

புதுச்சேரியில் இருந்தாலும் வருஷா வருஷம் அம்மன் கொடைக்கு அப்பா எங்களை ஊருக்குக் கூட்டி வந்துவிடுவார். குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை என்று மூன்று வேளையும் வில்லுப்பாட்டு உண்டு. பெரிய வில், அதில் கோத்த மணிகள், வீசுகோல், குடம், உடுக்கு, தாளம், கட்டை. நடுவில் பாடுகிற புலவர். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த வில்லுக்கு ஆள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கொடைக்குக் கால்நாட்டும் முன்னாலேயே ஊர்க்கூட்டம் கூடும். தலைக்கட்டு வரி எவ்வளவு என்று பேசி முடிந்ததும், 'வில்லுக்கு யார்?' என்று கேள்வி வரும். உடனே ஒருவர், 'போன பங்குனியில் என் மச்சினன் ஊரில் கேட்டேன், நல்ல சாரீரம்' என்பார். இன்னொருவர், 'சாரீரம் இருக்கு, கதையை முழுங்குறான்' என்பார். பேசி முடித்தபின் இரண்டு பேர் போய் வெற்றிலை பாக்கில் ரூபாயை வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராவது அந்தப் புலவரை நேரில் கேட்டவராக இருப்பார். ஒரு கொடையில் நன்றாகப் பாடினால் அங்கே விருந்துக்கு வந்திருக்கும் பக்கத்து ஊர்க்காரரிடமிருந்து அடுத்த அச்சாரம் வரும். விளம்பரம் என்றால் அவ்வளவுதான். செலவு வெற்றிலை பாக்கு.

இதில் ஏமாற்ற முடியாத இரண்டு சோதனை இருந்தன. ஒன்று, முன்வரிசையில் உட்காரும் கிழவிகள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, கதை வரிக்கு வரி தெரியும். புலவர் ஒரு தலைமுறையைத் தாவிவிட்டால் 'ஏய்யா, அவ ஆத்தா பேரை விட்டுட்டியே' என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். இரண்டாவது, சாமியாடி. கதையில் வரத்து வரும் இடத்தில் வில் வேகம் பிடிக்க வேண்டும், உடுக்கு அதோடு போக வேண்டும், அப்போதுதான் சாமி வரும். வராவிட்டால் கூட்டம் புலவரைத்தான் பார்க்கும். தலைக்கட்டு வரி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் வாய்திறந்து குறை சொல்ல உரிமை உண்டு. அங்கே கூலிக்குக் கைதட்ட ஆள் கொண்டுவந்தால் அரைமணி நேரத்தில் ஊர் கண்டுபிடித்துவிடும்.

இந்த முறையைப் பெரிதாக மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். கலைஞர்களுக்கு இதில் கஷ்டமும் இருந்தது. கொடை நடக்கும் மாதங்களில்தான் வருமானம். மற்ற மாதங்களில் கூலி வேலை. குரல் போனால் அச்சாரமும் நின்றுவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லிசையில் கொடிகட்டிப் பறந்த பூங்கனி அம்மாள் கடைசிக் காலத்தில் எளிய நிலையில் வாழ்ந்து 2018இல் மறைந்தார். வாய்மொழியாகப் பரவிய பேருக்கு முதுமையில் சோறு போடும் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆகவே பாடகர்கள் ஊருக்கு வெளியே பேர் வாங்க வழி தேடியதில் தப்பே இல்லை.

அந்த வழி முதலில் பிளேட்டாக வந்தது. 1902 நவம்பரில் ஃபிரெட் கைஸ்பெர்க் என்பவர் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். கௌஹர் ஜான் என்ற பாடகி பாட்டு முடிந்ததும் தன் பேரைத் தானே இங்கிலீஷில் அறிவித்தார். பிளேட்டு ஜெர்மனியில் ஹானோவரில் அச்சாகும், அங்கே உள்ளவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கேட்டவர்களுக்கு அந்தப் பேர் மனசில் பதிந்துவிட்டது. நம் பக்கத்தில் செங்கோட்டை கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். ஆனாலும் நான் பையனாக இருந்தபோது, கல்யாண வீட்டில் குழாய் கட்டினால் அவர் குரல் கேட்கும். அவரை மேடையில் பார்க்காத என் தலைமுறைக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது பிளேட்டுதான்.

பிளேட்டுக்கு அடுத்து வானொலி. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் பாடகர்களுக்கு ஆடிஷன் முறை வந்தது. திரைக்குப் பின்னால் பாட வேண்டும், குழு கேட்டு கிரேடு கொடுக்கும். பெரிய வித்வான்கள் பலருக்கு இது அவமானமாகப் பட்டது, எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் சிறிய ஊர்ப் பாடகனுக்கு அது ஒரு வாசல். 1963இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் வந்தபிறகு நம் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரர்களும் நையாண்டி மேளக்காரர்களும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். ஒருமுறை வானொலியில் பாடிவிட்டால் அடுத்த கொடை நோட்டீசில் பேருக்கு முன்னால் 'வானொலி புகழ்' என்று அச்சாகிவிடும். அந்த இரண்டு சொல்லுக்கு அச்சாரத்தில் நல்ல வித்தியாசம் இருந்தது. துட்டுக் கொடுத்து வாங்க முடியாத பட்டம் அது, பாடித்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அப்போதும் கள்ளக் கணக்கு இல்லாமல் இல்லை. நம் கடற்கரைக்கு இலங்கை வானொலி உள்ளூர் வானொலிபோலத் தெளிவாகக் கேட்கும். நேயர் விருப்பத்துக்கு எங்கள் தெருவில் ஒருவர் ஒரே பாட்டுக்குப் பத்துப் பேரில் பத்துக் கடிதம் எழுதிப் போடுவார். பத்துப் பேரும் அவர் வீட்டுக் குழந்தைகளும் ஆடு மாடுகளும். தபால் செலவு அவர் கையைக் கடித்ததால் பத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்றைக்கு அந்தச் செலவு இல்லை, அதுதான் வித்தியாசம்.

நம் ஜில்லாவில் உண்மையாகவே பெரும்பேர் வாங்கியவர்கள் எப்படி வாங்கினார்கள் என்றும் யோசித்தேன். காருகுறிச்சி அருணாசலம், டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகப் போய், அவர் பக்கத்தில் நின்று வாசித்துப் பேர் வாங்கியவர். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட்டோடு அவர் நாதஸ்வரம் சேர்ந்து வந்தபோது, கோயில் வாசலுக்கே போகாதவர்களுக்கும் அவர் பேர் தெரிந்தது. சத்திரம் புதுக்குளத்து சுப்பு ஆறுமுகத்தைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சென்னைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து வில்லுப்பாட்டு சபா மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு பேர் விஷயத்திலும், தொழில் தெரிந்த ஒரு பெரியவர் காதால் கேட்டுவிட்டுத் தன் பேரைப் பிணையாக வைத்து இன்னொருவரை முன்னால் தள்ளியிருக்கிறார். ராஜரத்தினம் பிள்ளைக்கும் கலைவாணருக்கும் தங்கள் பேர் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை இருந்திருக்கும். அந்தக் கவலைதான் சிபாரிசுக்கு மதிப்பு.

1980களில் கேசட் வந்தது. நெல்லையிலும் நாகர்கோவிலிலும் கொடைப் பாட்டுக் கேசட் கடைகடையாகத் தொங்கியது. எனக்குத் தெரிந்த ஒரு புலவர் ஒரு முழுக் கதையைப் பாடிக் கொடுத்து ஒரே தடவையாகப் பணம் வாங்கிக்கொண்டார். கேசட் எத்தனை விற்றது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டால், "எல்லா டீக்கடையிலயும் நாந்தான் பாடுதேன், எனக்கு டீ மட்டும் ஓசியில்லை" என்பார்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குப் பாரிஸ் கதை இன்னொன்று ஞாபகம் வந்தது. 1847இல் எர்னஸ்ட் பூர்ழே என்ற பாட்டுக்காரர் நண்பர்களோடு ஒரு கச்சேரிக் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார். அங்கே வாசிக்கப்பட்டது அவர்களுடைய பாட்டு. குடித்ததற்குக் காசு கேட்டபோது, 'எங்கள் பாட்டுக்கு நீ காசு கொடுத்தாயா? நீ கொடுத்தால் நானும் கொடுக்கிறேன்' என்றார். வழக்கு கோர்ட்டுக்குப் போய் பாட்டுக்காரர் பக்கம் தீர்ப்பானது. அதிலிருந்து 1851இல் பாட்டாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைப் பணம் வசூலித்துத் தரும் சங்கம் அங்கே உருவானது. நம் நாட்டில் அப்படி ஒரு சங்கம், ஐ.பி.ஆர்.எஸ்., 1969இல் வந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைப் பணத்தில் உள்ள பங்கை எழுதி வாங்கிவிட முடியாது என்று ஆக்கினார்கள். ஆனாலும் பேர் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்ற நிலை முழுக்கத் தீரவில்லை. 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் ஓடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யை உங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் பாடியிருப்பார்கள். அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கான பார்வை வந்த பாட்டுக்கே இந்த நிலை.

இவ்வளவையும் யோசித்துவிட்டுத்தான் அந்தப் பதினோரு பக்கத்தைக் கையில் எடுத்தேன். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வாசித்தேன்.

மூன்றாம் பக்கத்தில், பார்வைகள் எந்த ஊரிலிருந்து வரும் என்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், யூடியூப் கணக்கின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுக்க வேண்டும். ஏழாம் பக்கத்தில், இந்தப் பாட்டு மட்டுமில்லை, இனிமேல் ஐந்து வருஷத்துக்கு அவன் போடும் எல்லாப் பாட்டிலும் வருமானத்தில் பாதி அவர்களுக்கு. ஒன்பதாம் பக்கத்தில், யூடியூப் அந்தப் பார்வைகளைக் கழித்துவிட்டாலும் பணம் திரும்பாது. கடைசிப் பக்கத்தில், தகராறு என்றால் வடக்கே ஒரு நகரத்துக் கோர்ட்டில்தான் வழக்கு. நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு ஒப்பந்தத்தை மேலே அனுப்பியிருந்தால் என் மேல் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் கடைசியில், "தாத்தா, ஒண்ணு சொல்லணும். ஆறாயிரம் ஏற்கெனவே கட்டிட்டேன். சும்மா பாப்போமேன்னு" என்றான்.

"என்ன ஆச்சு?"

மூன்றே நாளில் ஐம்பதாயிரம் பார்வை வந்திருக்கிறது. அவன் சந்தோஷத்தில் தூங்கவில்லையாம். யூடியூபில் பாட்டுக்காரர் பார்ப்பதற்கென்று தனியாகக் கணக்குப் பக்கம் உண்டு என்று சொன்னான். "அதைத் திற" என்றேன். பார்வை எந்த நாட்டிலிருந்து, சராசரி எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தமிழே காதில் விழாத நாடுகள் வரிசையாக இருந்தன. தமிழ்நாடு எங்கோ அடியில். ஐந்து நிமிஷப் பாட்டைச் சராசரியாகப் பதினொரு விநாடி கேட்டிருக்கிறார்கள். பாட்டில் உடுக்கு ஆரம்பிப்பதே இருபதாவது விநாடியில்தான். இரண்டு வாரம் கழித்து அந்த ஐம்பதாயிரத்தில் பெரும்பகுதியை யூடியூபே கழித்துவிட்டது.

"இவங்கதாம்ல சரவிளக்கு வீரர்கள்" என்று பாரிஸ் கதையைச் சொன்னேன். சிரிக்க முயன்றான், முடியவில்லை. ஆறாயிரம் அவனுக்கு அரைமாதச் சம்பளம்.

இந்தக் காலத்துக் கூலிக் கைதட்டல்காரருக்குக் கையே கிடையாது, எல்லாம் இயந்திரம். அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவர் இயந்திரத்தாலேயே லட்சக்கணக்கில் பாட்டுச் செய்து, இயந்திரத்தையே கேட்கவைத்து ஒரு கோடி டாலருக்கு மேல் உரிமைப் பணம் பெற்றதாக 2024 செப்டம்பரில் அரசு வழக்குத் தொடுத்தது. சட்டப்படி விளம்பரம் கொடுத்து வாங்கும் பார்வைக்கும் இப்போது பழைய மரியாதை இல்லை. 2019 ஜூலையில் பாட்ஷா பாடிய 'பாகல்' ஒரே நாளில் ஏழரைக் கோடிப் பார்வை பெற்றதாகச் சொன்னார்கள். அதில் விளம்பரமாகக் காட்டியதும் சேர்ந்திருந்தது, அன்றைய விதிப்படி அது தப்பில்லை. ஆனால் அந்தச் சர்ச்சைக்குப் பிறகு செப்டம்பரிலேயே யூடியூப், ஒருநாள் சாதனைக் கணக்கில் விளம்பரப் பார்வையைச் சேர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. ஸ்பாட்டிஃபையோ 2024இலிருந்து, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கொடுப்பதில்லை. பொய்க் கேட்பு என்று கண்டுபிடித்தால் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் கேட்கப்பட்டிருப்பதும் வேண்டும். பதினொரு விநாடி கேட்கிறவர்களை வைத்து 4,000 மணி நேரம் ஆக்குவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று பேரனைக் கணக்குப் போடச் சொன்னேன். பதின்மூன்று லட்சத்தைத் தாண்டியது. நாற்பத்தைந்தாயிரம் கட்டி வாங்கும் பத்து லட்சமும் போதாது.

பிறகு, அந்தப் பழைய அறுநூற்றுச் சொச்சத்தைப் பார்க்கலாம் என்றேன். அங்கேதான் விஷயம் இருந்தது. நாற்பதுக்கு மேல் பின்னூட்டம். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து ஒருவர், தன் அப்பாவும் பனையேறி என்று எழுதியிருந்தார். மும்பையில் இருக்கும் ஒரு அம்மா இரண்டு தடவை கேட்டு அழுததாக எழுதியிருந்தார். சராசரி மூன்று நிமிஷத்துக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். நம் கொடைப் பந்தல் கணக்கில் அறுநூறு பேர் என்பது சின்னக் கூட்டமா?

"இவங்கள்ல யாருக்காவது பதில் எழுதினியா?" என்று கேட்டேன். இல்லையாம். ஐம்பதாயிரத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததில் இவர்கள் கண்ணில் படவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். நாற்பது பேருக்கும் பதில் எழுதினான். அடுத்த பாட்டை வெளியிடும் முன் ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய பாட்டு வரிசைக்கு விண்ணப்பம் போட்டான். வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்னால் போட வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் போய் அந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கில் கேட்டது. யூடியூபில் தானே நேரடியாக 1,500 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தான், தென்மாவட்டங்களுக்கு மட்டும். கடவுச்சொல் அவன் கையிலேயே இருந்தது. பார்வை நாலாயிரத்தைத் தொட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. ஸ்பாட்டிஃபை வரிசையில் இடம் கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்டவர்கள் முழுக்கக் கேட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஒரு தாளைக் கொண்டுவரலாம். எல்லா விளம்பரக்காரரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆட்களும் இருப்பார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள். எண்ணிக்கைக்கு உறுதி கொடுக்கிறானா? கொடுத்தால் அங்கேயே எழுந்துவிடலாம், கேட்க வைப்பதற்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது. கேட்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? கடவுச்சொல்லும் பாட்டின் உரிமையும் யார் கையில் இருக்கும்? பணம் கட்டுவதை நிறுத்தினபின் என்ன மிஞ்சும்? இதற்கு முன் இவர்களிடம் போன பாட்டுக்காரர் இரண்டு பேரோடு பேச முடியுமா? கடைசிக் கேள்விதான் நம் பழைய ஊர்க்கூட்டத்துக் கேள்வி. 'நீ நேரில் கேட்டியா?' என்பதுதான் அது.

புரட்டாசியில் சாத்தான்குளத்துக்காரரிடமிருந்து போன் வந்தது. ஆவணியில் தள்ளிப்போன அவர்கள் ஊர்க் கொடை ஐப்பசியில் நடக்கிறதாம். வில்லுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பாட முடியுமா என்று கேட்டார். சொன்னபடி இரண்டு பேர் வெற்றிலை பாக்கில் 2,001 ரூபாய் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் போய் முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பனையேறிப் பாட்டை முடித்தான். கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. கீழே இறங்கியவனை ஒரு கிழவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நல்லாப் படிச்சல மக்கா. ஆனா பதநி காய்ச்சுற எடத்துல சுண்ணாம்பு தேய்க்கதைச் சொன்ன பாரு, அது தப்பு. சுண்ணாம்பு மேல கலயத்துல, பாளைக்கு அடியில. அடுப்புல இல்ல."

அவன் போனை எடுத்துப் பாட்டு வரியைத் திருத்தி எழுதிக்கொண்டான். அவன் அம்மாவும் வந்திருந்தாள், கழுத்தில் சங்கிலியோடு.